காற்றும் எண்ணெயும் தாங்கிய கார்: பால் மாஜெஸின் சஸ்பென்ஷன் இன்றைய சொகுசு கார்களுக்குச் சொல்லும் பாடம் என்ன?

1962 ஆகஸ்ட் 22, மாலை நேரம். பாரீஸின் புறநகரான பெத்தி கிளமார் வழியாக பிரான்ஸ் அதிபர் சார்ல் தெ கோலின் கார் விமான தளத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. சாலையோரம் மறைந்திருந்தவர்கள் இயந்திரத் துப்பாக்கிகளால் சுட ஆரம்பித்தார்கள். தோட்டாக்கள் காரைத் துளைத்தன. இரண்டு டயர்கள் பஞ்சர். சாதாரண கார் என்றால் அந்த வேகத்தில் அலைபாய்ந்து கவிழ்ந்திருக்கும். ஆனால் டிரைவர் பிரேக்கில் கால் வைக்காமல் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார். டயர் போன கார் நிலை தடுமாறாமல் நேராக ஓடித் தப்பித்தது. அதிபரும் மனைவியும் காயமின்றி பிழைத்தார்கள்.

அந்தக் கார் சிட்ரோயன் டிஎஸ். உயிர் தப்பியதில் டிரைவரின் திறமைக்குப் பெரும் பங்கு உண்டு. கூடவே, காரைத் தாங்கிப் பிடித்த சஸ்பென்ஷனுக்கும் ஒரு பங்கு உண்டு என்று கார் உலகம் இன்றுவரை பேசுகிறது. அதில் ஸ்பிரிங்கே கிடையாது. நைட்ரஜன் வாயுவும் எண்ணெயும்தான் வண்டியின் எடையைச் சுமந்தன. அதை உருவாக்கியவர் பால் மாஜெஸ்.

இன்று ஏர் சஸ்பென்ஷன் உள்ள சொகுசு காரை வைத்திருப்பவர்களும், செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் அவருடைய கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. ஏன்னா, இந்தத் தொழில்நுட்பம் எப்படி மிதக்கும், எதனால் படுத்துவிடும் என்ற இரண்டுமே அதில் இருக்கிறது.

பட்டம் இல்லாத பொறியாளர்

பால் மாஜெஸ் 1908-ல் தெற்கு பிரான்ஸில் உள்ள ஆவிஞோன் நகரில் பிறந்தார். பொறியியல் கல்லூரிப் பக்கம் போனதில்லை. 17 வயதில், 1925-ல், சிட்ரோயன் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த பல வருடங்கள் அவர் பெயர் வெளியே யாருக்கும் தெரியாது.

அந்தக் காலத்தில் சிட்ரோயனும் ஒரு புயலைக் கடந்துகொண்டிருந்தது. நிறுவனர் ஆந்த்ரே சிட்ரோயன் புதுமைக்காகக் கணக்கில்லாமல் செலவு செய்தவர். 1934-ல் நிறுவனம் திவாலானது. அதிகம் கடன் கொடுத்திருந்த டயர் நிறுவனமான மிஷெலின் அதை எடுத்துக்கொண்டது. அடுத்த வருடமே ஆந்த்ரே சிட்ரோயன் காலமானார். மிஷெலின் அனுப்பிய பியர் பூலான்ஜே பின்னர் நிறுவனத்தின் தலைவரானார்.

பூலான்ஜே ஆட்களை எடைபோடும் விதமே வேறு. பட்டத்தைவிட, ஒரு சிக்கலை விடாமல் துரத்தும் குணம்தான் அவருக்கு முக்கியம். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942-ல் அவர் மாஜெஸை ஆராய்ச்சிப் பிரிவுக்கு மாற்றினார். இதெல்லாம் நடக்காது என்று பாடப்புத்தகம் சொல்வதை மாஜெஸ் படிக்கவே இல்லை. அதுவே அவருக்கு வசதியாகப் போனது.

சிக்கல் என்ன?

பூலான்ஜேவின் கனவு, கிராமத்து விவசாயிக்கு ஒரு மலிவான கார். பின்னாளில் 2சிவி என்ற பெயரில் வந்தது அதுதான். முட்டைக் கூடையை வைத்துக்கொண்டு உழுத வயலைக் கடக்க வேண்டும், ஒரு முட்டைகூட உடையக் கூடாது என்பது அந்தக் காரைப் பற்றி இன்றும் சொல்லப்படும் நிபந்தனை.

இங்கேதான் சாதாரண ஸ்பிரிங் மாட்டிக்கொண்டது. வண்டி லேசானது. அதில் ஆட்களும் உருளைக்கிழங்கு மூட்டையும் ஏறினால், சுமை வண்டியின் எடையோடு போட்டி போடும். ஸ்பிரிங்கை மென்மையாக வைத்தால், ஆள் ஏறியதும் பின்பக்கம் தரையைத் தட்டும். கடினமாக வைத்தால், காலி வண்டி ஒவ்வொரு கல்லுக்கும் தூக்கித் தூக்கிப் போடும். காலி வண்டிக்கும் நிறைந்த வண்டிக்கும் ஒரே ஸ்பிரிங் ஒத்துவராது.

அப்படின்னா, சுமைக்கு ஏற்ப தானே மாறிக்கொள்ளும் ஸ்பிரிங் வேண்டும். உலோகத்தால் அது முடியாது. ஆனால் வாயுவால் முடியும். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். முதலில் சுலபமாக இறங்கும், போகப் போக இறுகும். வாயுவின் கன அளவு குறையக் குறைய அழுத்தம் கூடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த பாயில் விதி இதுதான். மாஜெஸ் கையில் எடுத்தது இதைத்தான்.

எப்படி வேலை செய்கிறது?

ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு இரும்பு உருண்டை. உள்ளே நடுவில் ஒரு ரப்பர் சவ்வு. சவ்வுக்கு ஒரு பக்கம் அழுத்தி அடைக்கப்பட்ட நைட்ரஜன், மறுபக்கம் எண்ணெய். சக்கரம் மேடேறும்போது ஒரு பிஸ்டன் எண்ணெயை உருண்டைக்குள் தள்ளும். எண்ணெயை அழுத்திச் சுருக்க முடியாது. அதனால் சவ்வு வளைந்து, நைட்ரஜன் சுருங்கி அதிர்வை வாங்கிக்கொள்ளும். உருண்டையின் கழுத்தில் உள்ள சிறு வால்வுகள் எண்ணெயின் ஓட்டத்தைத் தடுத்து, ஷாக் அப்சார்பர் வேலையைச் செய்யும்.

சாதாரணக் காற்றுக்குப் பதில் ஏன் நைட்ரஜன்? காற்றில் ஆக்ஸிஜனும் ஈரமும் இருக்கின்றன. உயர் அழுத்தத்தில் ஆக்ஸிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. நைட்ரஜன் எதோடும் வம்புக்குப் போகாது.

அடுத்து, உயரம். பின்சீட்டில் மூன்று பேர் ஏறினால் வண்டி இறங்கும். உடனே ஹைட் கரெக்டர் என்ற வால்வ் திறந்து, இன்ஜின் ஓட்டும் பம்பிலிருந்து கூடுதல் எண்ணெயை அனுப்பி வண்டியைப் பழைய உயரத்துக்குத் தூக்கும். ஆட்கள் இறங்கினால் எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும்.

இன்றைய ஏர் சஸ்பென்ஷனுக்கும் இதற்கும் வித்தியாசம் இதுதான்: ஏர் சஸ்பென்ஷனில் கம்ப்ரஸர் காற்றின் அளவைக் கூட்டிக் குறைத்து உயரத்தைச் சரிசெய்கிறது. மாஜெஸின் முறையில் வாயுவின் அளவு மாறாது, எண்ணெயின் அளவுதான் மாறும். எடையைத் தாங்குவது இரண்டிலுமே அழுத்தப்பட்ட வாயுதான்.

1944-ல் அவருடைய அமைப்பு வடிவம் பெற்றுவிட்டது. ஆனால் அது உதித்த காரான 2சிவிக்கு இந்த அமைப்பு கட்டுப்படியாகும் விலையில் இல்லை. 1948-ல் அந்தக் கார் சாதாரண ஸ்பிரிங்கோடுதான் வெளிவந்தது. 1950-ல் பூலான்ஜே கார் விபத்தில் இறந்துபோனார். தன்னை நம்பி வேலை கொடுத்த மனிதர், அதன் பலனைச் சாலையில் பார்க்கவில்லை.

1955: ஒரே நாளில் 12,000 ஆர்டர்

முதல் சோதனை வாடிக்கையாளர்களின் சாலையிலேயே நடந்தது. 1954-ல் சிட்ரோயனின் பழைய பெரிய கார் ஒன்றில், பின் சக்கரங்களுக்கு மட்டும் புதிய சஸ்பென்ஷனைப் பொருத்தி விற்றார்கள். அது தாங்கியது.

1955 அக்டோபரில் பாரீஸ் மோட்டார் கண்காட்சியில் டிஎஸ் 19 திரை விலகியது. தலைமைப் பொறியாளர் ஆந்த்ரே லெஃபெப்வ்ர், வடிவமைத்தவர் இத்தாலியச் சிற்பி ஃப்ளாமினியோ பெர்தோனி, ஹைட்ராலிக்ஸ் மாஜெஸ். முதல் 15 நிமிடத்தில் 743 ஆர்டர், நாள் முடிவில் 12,000. டிஎஸ் என்ற எழுத்துகளைப் பிரெஞ்சில் சேர்த்து உச்சரித்தால் தேவதை என்று பொருள் வரும். பெயரும் பொருந்திப்போனது.

இன்ஜினை ஸ்டார்ட் செய்தால், படுத்திருக்கும் கார் மெதுவாக எழுந்து நிற்கும். டயர் மாற்ற ஜாக்கி தேவையில்லை. ஒரு நெம்புகோலால் காரை முழு உயரத்துக்குத் தூக்கி, பக்கவாட்டில் ஒரு தாங்கியை வைத்து, மறுபடி தாழ்த்தினால் சக்கரம் தானே தரையிலிருந்து மேலே வரும். ஸ்டீயரிங், கிளட்ச், பிரேக் எல்லாமே அதே எண்ணெய் அழுத்தத்தில் இயங்கின. வண்டியின் ரத்த ஓட்டமே அந்த எண்ணெய்தான்.

தேவதை தரையில் படுத்தது ஏன்?

பிரச்சினையும் அங்கேதான் ஆரம்பித்தது. ஒரே சுற்று என்பதால், ஒரு சின்ன லீக் சஸ்பென்ஷனோடு நிற்காது. ஆரம்ப கால டிஎஸ் கார்களில் குழாய் இணைப்புகளிலும் சீல்களிலும் லீக் வந்தது. காலையில் வந்து பார்த்தால் கார் தரையில் படுத்திருக்கும், கீழே எண்ணெய்த் தேக்கம்.

இதைச் சரிசெய்ய வேண்டிய மெக்கானிக்குகளுக்கோ அது முற்றிலும் புதிய உலகம். ரகசியம் காப்பதற்காக, கார் வெளிவரும்வரை டீலர்களுக்கே விவரம் தரப்படவில்லை. சுத்தியலும் ஸ்பேனரும் பிடித்துப் பழகிய கைகளுக்கு, மைக்ரான் கணக்கில் இடைவெளி வைத்துச் செய்யப்பட்ட வால்வுகள் வந்து சேர்ந்தன. கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி போதும், வால்வ் சிக்கிக்கொள்ளும். அழுக்குத் துணியால் துடைத்துவிட்டு மாட்டுகிற பழக்கம் இங்கே செல்லாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி எண்ணெயே. பல வருடங்கள் பயன்பட்ட எல்ஹெச்எஸ் என்ற செயற்கைத் திரவம் பிரேக் ஆயில் வகையைச் சேர்ந்தது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. ஈரம் சேர்ந்தால் உள்ளே துரு, துருவால் வால்வ் தேய்மானம், தேய்மானத்தால் லீக். ஓடாமல் நின்ற கார்தான் இதில் அதிகம் கெட்டது. மாஜெஸின் கணக்கு சரி, உருண்டை சரி, ஆனால் உள்ளே ஓடிய திரவம் மெல்ல மெல்ல அரித்துக்கொண்டிருந்தது.

இதற்கு முடிவு வர 11 வருடம் பிடித்தது. 1966 இறுதியில் சிட்ரோயன் எல்ஹெச்எம் என்ற பச்சை நிற மினரல் எண்ணெய்க்கு மாறியது. இது ஈரத்தை இழுக்காது, துருப்பிடிக்க விடாது. அமெரிக்காவில் விதிமுறை காரணமாக இந்த மாற்றம் 1969 வரை தாமதமானது. பழைய சீல்களுக்குப் புது எண்ணெயும், புது சீல்களுக்குப் பழைய எண்ணெயும் விஷம். மாற்றி ஊற்றினால் ரப்பர் கெட்டு மொத்த அமைப்பும் வீண். அதனால் புதிய எண்ணெய்க்கான பாகங்களுக்குப் பச்சை வண்ணம் பூசினார்கள். படிக்க நேரமில்லாத மெக்கானிக்கும் நிறத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார். பெரிய கண்டுபிடிப்பைக் காப்பாற்றியதில் அந்தப் பச்சை பெயின்ட்டுக்கும் பங்கு உண்டு.

அமெரிக்கா கைவிட்டது, பிரான்ஸ் விடவில்லை

கிட்டத்தட்ட அதே நேரத்தில் அமெரிக்காவும் இதே கனவைக் கண்டது. 1957-ல் கேடிலாக் எல்டொராடோ ப்ரோம் காரில் ஏர் சஸ்பென்ஷன் வந்தது. 1958-ல் ஜெனரல் மோட்டார்ஸின் மற்ற பிராண்டுகளிலும் விருப்பத் தேர்வாகக் கிடைத்தது. லீக் வந்தது, புகார் வந்தது. உரிமையாளர்கள் காற்றைக் கழற்றிவிட்டு காயில் ஸ்பிரிங் மாட்டிக்கொண்டார்கள். சில வருடங்களில் அந்த முயற்சியே கைவிடப்பட்டது.

இரண்டு கனவுகளுக்கும் ஆரம்பத்தில் நோய் ஒன்றுதான், லீக். சிட்ரோயன் மட்டும் ஏன் பிழைத்தது? முதலில், வாயு இரும்பு உருண்டைக்குள் பத்திரமாக அடைபட்டிருந்தது. இரண்டாவது, கோளாறு வந்தபோது அமைப்பைத் தூக்கி எறியாமல் திரவத்தையும் சீலையும் மாற்றினார்கள். கொள்கை சரியாக இருந்தால் மட்டும் போதாது, அதைப் பராமரிக்கத் தெரிந்த ஆட்களும் சரியான எண்ணெயும் வேண்டும் என்பதைத் தாமதமாகவாவது புரிந்துகொண்டார்கள்.

பலன் பெரியது. 1965-ல் ரோல்ஸ் ராய்ஸ் தன் சில்வர் ஷேடோ காரின் உயரச் சமன் அமைப்புக்கு சிட்ரோயனிடம் உரிமம் வாங்கியது. உலகின் மிக உயர்ந்த சொகுசு கார் நிறுவனம், கல்லூரிக்குப் போகாத ஒருவரின் யோசனைக்குப் பணம் கொடுத்தது. 1970-ல் ஜிஎஸ் மூலம் அந்த சஸ்பென்ஷன் நடுத்தரக் குடும்பத்தின் காருக்கும் வந்தது. அதே வருடம் வந்த எஸ்எம் காரில், வேகம் கூடக் கூட இறுகும் பவர் ஸ்டீயரிங்கும் மாஜெஸின் கைவண்ணம். 1975-ல் மெர்சிடிஸ் தன் 450 எஸ்இஎல் 6.9 காரில் இதே கொள்கையில் சொந்த அமைப்பைப் பொருத்தியது. அந்த வருடம் டிஎஸ் உற்பத்தி நின்றபோது, மொத்தம் 14.5 லட்சம் கார்கள் வெளிவந்திருந்தன.

வண்டி கொடுக்கும் குறிப்புகள்

மாஜெஸின் கார்களை வைத்திருப்பவர்கள் காதால் பராமரிக்கப் பழகியவர்கள். இன்ஜின் ஓடும்போது அழுத்தம் குறைந்தால், ரெகுலேட்டர் க்ளிக் என்று ஒரு சத்தம் கொடுத்து பம்பின் எண்ணெயை உள்ளே திருப்பும். இந்தச் சத்தம் நீண்ட இடைவெளியில் கேட்டால் நலம். சில நொடிக்கு ஒருமுறை கேட்டால் அழுத்தத்தைச் சேமிக்கும் உருண்டை சோர்ந்துவிட்டது, அல்லது எங்கோ லீக் இருக்கிறது என்று அர்த்தம். சவ்வு வழியாக நைட்ரஜன் வருடக்கணக்கில் மெல்லக் கசியும். கார் கொஞ்சம் கொஞ்சமாகக் கடினமாகும். தினமும் ஓட்டுபவருக்கு அது தெரியாது, புதிதாக ஏறுபவர்தான் கண்டுபிடிப்பார். உருண்டையை மாற்றினாலோ, வாயுவை நிரப்பினாலோ கார் மறுபடி மிதக்கும்.

இன்றைய ஏர் சஸ்பென்ஷனும் இதே மாதிரி முன்கூட்டியே குறிப்புக் கொடுக்கும். கவனிக்க வேண்டியவை இவை:

இரவு நிறுத்திய கார் காலையில் ஒரு மூலையில் மட்டும் இறங்கியிருந்தால், அந்தப் பக்க ஏர் ஸ்பிரிங் அல்லது குழாயில் லீக் இருக்க வாய்ப்பு அதிகம். ரப்பர் மடிப்புகளில்தான் முதலில் வெடிப்பு வரும். சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

கம்ப்ரஸர் அடிக்கடி ஓடுகிறதா, வண்டி எழுந்திரிக்க முன்பைவிட அதிக நேரம் எடுக்கிறதா? அப்படியென்றால் தள்ளிப்போட வேண்டாம். லீக்கை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் உழைத்துச் சூடாகிக் கருகிவிடும். ஒரு ரப்பர் பையோடு முடிய வேண்டிய செலவு பல மடங்காகும்.

கம்ப்ரஸரோடு இருக்கும் டிரையர் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது. அது தீர்ந்துபோனால் ஈரம் வால்வுகளுக்குள் போகும். எல்ஹெச்எஸ் திரவம் டிஎஸ்ஸுக்குச் செய்ததை, இங்கே ஈரக் காற்று செய்யும். கம்ப்ரஸரை மாற்றும்போது ரிலேயையும் சேர்த்து மாற்றுவது நல்லது. பழைய ரிலே ஒட்டிக்கொண்டால் புதுக் கம்ப்ரஸரும் நிற்காமல் ஓடிக் கருகும்.

ஜாக்கி போடும்முன் வண்டியின் கையேட்டில் சொன்னபடி சஸ்பென்ஷனை ஜாக் மோடில் வைக்க வேண்டும். காற்றையோ எண்ணெயையோ மட்டும் நம்பி நிற்கும் காருக்கு அடியில் யாரும் போகக் கூடாது. அழுத்தம் போனால் வண்டி அப்படியே உட்கார்ந்துவிடும். முழுவதும் இறங்கிவிட்ட காரை ஓட்டிக்கொண்டே வொர்க்‌ஷாப் போகலாம் என்பதும் தப்புக் கணக்கு. டயர் உரசும், மற்ற பாகங்களும் அடிவாங்கும்.

பழைய காரை வாங்கப் போகிறவர்கள், முந்தைய நாள் இரவே இன்ஜினை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் நான்கு சக்கரங்களின் மேலும் உள்ள இடைவெளியை அளந்து பார்க்கலாம். விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால், கார் மறைக்க வேண்டியதை மறைத்துவிடும்.

பெயர் எழுதப்படாத மனிதர்

மாஜெஸ் 1999-ல் காலமானார். அதே வருட இறுதியில், நூற்றாண்டின் சிறந்த காருக்கான சர்வதேசத் தேர்வில் ஃபோர்டு மாடல் டி முதலிடமும், மினி இரண்டாமிடமும், டிஎஸ் மூன்றாமிடமும் பெற்றன. அவருடைய சஸ்பென்ஷனின் வழிவந்த கடைசிக் காரான சிட்ரோயன் சி5 உற்பத்தி 2017-ல் நின்றது. இரண்டுக்கும் இடையே மெர்சிடிஸ் தன் எஸ் கிளாஸில் கொண்டுவந்த ஏர்மேட்டிக் போன்ற மின்னணு ஏர் சஸ்பென்ஷன்கள் சொகுசு காரின் அடையாளமாகிவிட்டன.

தொழில்நுட்பம் மாறியது. கம்ப்யூட்டர் வந்தது, சென்சார் வந்தது. ஆனால் டிஎஸ் 11 வருடம் கஷ்டப்பட்டுக் கற்ற பாடம் மாறவில்லை. காரை மிதக்க வைப்பது அழுத்தப்பட்ட வாயு. அந்த வாயுவைக் காப்பாற்றுவது சுத்தமான கை, சரியான எண்ணெய், வெடிப்பு விடாத ஒரு துண்டு ரப்பர். காலையில் கார் ஒரு விரல்கடை இறங்கியிருக்கும்போதே பார்த்துவிட்டால், சின்னச் செலவில் முடியும்.